அணு உலை இல்லாத ஊரில் அயடின் மாத்திரை

கேக் வெட்டி முடிந்து, குழந்தைகள் பலூன்களை மிதித்து உடைக்கத் தொடங்கியதும் சதாசிவம் எழுந்துவிடுவார். தட்டில் பாதி ரோல்ஸ் மிச்சமிருக்கும். காற்சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு மண்டபத்தை ஓரமாகச் சுற்றி வருவார். யார் முன்னால் நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்: மடியில் கைக்குழந்தை உள்ளவர்கள், வயிற்றில் பிள்ளை உள்ளவர்கள், புதிதாக வீடு வாங்கியவர்கள். கைகுலுக்குகிற பாவனையில் அவர்களுடைய உள்ளங்கைக்குள் வெள்ளித்தாள் பட்டை ஒன்றை அழுத்திவிட்டு, காதோரம் குனிவார்.

"பயப்பிடாதையும். சும்மா வைச்சிரும். அணுக்கசிவு வந்தால் கெதியா ஒண்டைப் போடும்."

பிளாட் புஷ் பகுதியில் நண்பன் பார்த்தீபனுடைய மகளின் முதலாவது பிறந்தநாள் அன்று எனக்கும் ஒரு பட்டை கிடைத்தது. எனக்குக் குழந்தையும் இல்லை, சொந்த வீடும் இல்லை. ஆனால் அன்று அவரை லின்ஃபீல்டில் உள்ள அவர் வீட்டிலிருந்து காரில் அழைத்து வந்தவன் நான். பெட்ரோலுக்கு நன்றியாக இருக்கலாம். பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பொட்டாசியம் அயடைடு. அணு உலை வெடித்துக் கதிரியக்க அயடின் காற்றில் கலந்தால், அது தைராய்டு சுரப்பியில் போய் உட்காருவதற்கு முன்னால் நல்ல அயடினால் அந்த இடத்தை நிரப்பி வைக்கிற மாத்திரை. உலகத்தில் அணுமின் நிலையங்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் வீடுகளில் இருக்க வேண்டிய பொருள். அது நியூசிலாந்தின் ஆக்லாந்தில், முட்டை ரோல்ஸுக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில், என் கையில் இருந்தது.

"அண்ணே, இந்த நாட்டுல அணு உலையே கிடையாது."

"இப்ப இல்லை."

"எப்பவும் கிடையாது. அணு ஆயுதக் கப்பலையே துறைமுகத்துக்குள்ள விடமாட்டேன்னு சட்டம் போட்ட நாடு."

"சட்டத்தை மாத்த எவ்வளவு நேரம்? நாங்கள் காணாத சட்டமே?"

"மின்சாரம் எடுக்குற உலை ஆஸ்திரேலியாலகூட இல்ல அண்ணே. எங்கிருந்து கசியும்?"

அவர் என்னைப் பரிதாபத்தோடு பார்த்தார். "காத்துக்கு விசா வேணுமே தம்பி?"

சதாசிவத்துக்கு அறுபத்தெட்டு வயது. மெலிந்த உடம்பு, முழுக்கைச் சட்டையை முழங்கைக்குக் கீழே இரண்டு மடிப்பு மட்டும் மடித்துவிடுவார், அதற்கு மேல் ஒருபோதும் இல்லை. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டு நான் பார்த்ததில்லை, கழுத்தை இறுக்குகிறதாம். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தார். ஆக்லாந்துக்கு வந்த பிறகு ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் நிறம் கலந்தார். ஓய்வுபெற்று விட்டாலும், யார் வீட்டுக்குப் போனாலும் சுவரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "உது ரெண்டாவது கோட் அடிக்காமல் ஏமாத்தினவங்கள்" என்று தீர்ப்புச் சொல்லாமல் உட்காரமாட்டார். பெரும்பாலும் சரியாகவே சொல்வார். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. ஒன்றைச் சரியாகச் சொல்கிற மனிதர் ஒன்பதைச் சரியாகச் சொல்வார் என்று நம் ஆட்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை எப்போதும் கலந்திருக்கும், அவருடைய பெயின்டைப் போலவே. "இந்த நாட்டு மண்ணிலை அயடின் குறைவு. அதுதான் பாண் சுடுற மாவுக்கையே அயடின் உப்புப் போடுறாங்கள்" என்பார். உண்மை, இங்கே ரொட்டிக்கு அப்படித்தான் சட்டம். "அப்ப இந்தக் குளிசை நல்லதுதானே?" என்பார். சுத்த அபத்தம்.

அவர் வீட்டில் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி உண்டு. சவர்க்காரம், மெழுகுதிரி, டார்ச் பேட்டரி, பனடோல், பஞ்சு, தீப்பெட்டி என்று மேல்தட்டுவரை அடுக்கியிருப்பார். அவர் மனைவி யோகராணி அதைக் "கூட்டுறவுச் சங்கக் கடை" என்பாள். அவள் முதியோர் இல்லமொன்றில் சமையல் செய்கிறாள். பேச்சில் உப்பும் புளியும் சற்று தூக்கலாக இருக்கும். "தம்பி, இந்த மனுசனை அடக்கேக்கை பெட்டிக்குள்ளை பேட்டரியும் வைச்சுத்தான் அனுப்போணும். மேலை போய் டார்ச் அடிச்சு இடம் பாக்கிறதுக்கு."

"கதைக்கிறா. போன முறை புயலுக்கு கரண்ட் போகேக்கை ஆரிட்டை மெழுகுதிரி வாங்கினனீர்?"

"வாங்கினன். எரிய விட்டீங்களோ? 'கெதியா அணை, முடிஞ்சுபோம்' எண்டு நிண்டீங்கள்."

இதுவரை வேடிக்கைதான். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இந்த நகரத்தில் நம்மவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பைத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துத்தான் விமானம் ஏறியிருக்கிறார்கள். சாமியார் படத்துக்குத் தண்ணீர் தெளிப்பவனைவிட அயடின் கொடுப்பவன் விஞ்ஞானத்துக்குச் சற்று அருகில் நிற்கிறான் என்று விட்டுவிட்டேன். ஒரு சனிக்கிழமை காலை அவர் வீட்டு மேசையில் அந்த மாத்திரைகள் வந்த அட்டைப் பெட்டியை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்திராவிட்டால் அப்படியே விட்டிருப்பேன்.

பெட்டி கனடாவிலிருந்து வந்தது. அவருடைய தங்கை வசந்தமலர் டொரொன்டோவுக்குக் கிழக்கே, ஏரிக்கரையில் இருக்கிறாள். அவள் வீட்டுக்கு மிக அருகில் அணுமின் நிலையம். அந்த மாகாணத்தில், உலையைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ள வீடுகளுக்குக் கேட்காமலே மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். இன்னும் தள்ளி இருப்பவர்கள் கேட்டால் இலவசமாக அனுப்புகிறார்கள். பெட்டியின் பின்னால் தெளிவாக அச்சடித்திருந்தது: இதை உங்கள் வீட்டில், எளிதில் எடுக்கக்கூடிய இடத்தில் வைத்திருங்கள். அதிகாரிகள் சொல்லும்போது மட்டும் சாப்பிடுங்கள். குழந்தைகளுக்கு மிக முக்கியம்.

"இது உங்க தங்கச்சி வீட்டுக்குக் குடுத்த பெட்டியா?"

"ஓம். அவளின்ரையும், பக்கத்து வீட்டு ஆக்களின்ரையும். அவையள் குப்பைக்குள்ளை போடப் பாத்தவை. இவள் வாங்கி, இஞ்சை வந்த ஆக்களின்ர சூட்கேசிலை விட்டவள். நான்தான் கேட்டனான்."

"அப்ப அவங்க வீட்டுல என்ன இருக்கு?"

"அவளுக்கு என்னத்துக்கு? அது கனடா தம்பி. ஏதும் எண்டால் அரசாங்கம் ஹெலிகொப்டரிலை வந்து ஏத்திக்கொண்டு போவான்."

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். உலைக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டில் மாத்திரை இல்லை. உலையே இல்லாத தீவில், சவர்க்காரத்துக்கும் மெழுகுதிரிக்கும் நடுவில், ஒரு தெருவுக்கே போதுமான மாத்திரை. அந்தக் கனடா வீட்டில் வசந்தமலரின் மகள் கிருசாந்திக்கு இரண்டு மாதத்துக்கு முன்புதான் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்ததற்கு லின்ஃபீல்ட் முழுவதும் பயத்தம் பணியாரம் கொடுத்தவரே இவர்தான்.

"யாருக்கு இது ரொம்ப முக்கியம்னு தெரியுமா அண்ணே? உங்களுக்கு இல்ல, எனக்கு இல்ல. அந்தப் பச்சப்புள்ளைக்கு. அந்தத் தொண்டையில இருக்குற துளி சுரப்பிக்கு."

"கத்தாதையும். எனக்கும் கெமிஸ்ரி தெரியும்."

"தெரிஞ்சா அனுப்பச் சொல்லியிருக்க மாட்டீங்க!"

யோகராணி அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "சொல்லுங்கோ தம்பி. நான் சொன்னால் எனக்கு ரேஷன் மூளை எண்டுவார்."

அவர் பெட்டியை எடுத்துப் போய் அலமாரிக்குள் வைத்துவிட்டார். நான் கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். வசந்தமலர் அடுத்த வாரமே அண்ணனை அழைத்திருக்காவிட்டால் அந்தக் கோபமும் மற்ற கோபங்களைப் போல ஆறியிருக்கும்.

அவள் ஊரில் அணுமின் நிலையத்தின் அபாயச் சங்கு ஒலித்திருக்கிறது. சோதனைக்காக அவ்வப்போது ஒலிக்க வைப்பதுதான், முன்கூட்டியே அறிவிப்பார்கள். வசந்தமலருக்கு அது தெரியாது. கிருசாந்தி குளியலறையிலிருந்து, "அம்மா, அந்த டாப்ளெட் பொக்ஸ் எங்க?" என்று கேட்டிருக்கிறாள். வசந்தமலர் அலமாரிகளைத் திறந்து திறந்து மூடியபடி, "இஞ்சை எங்கையோதான் வைச்சனான் பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். சங்கு நின்றது. சோதனைதான் என்று தெரிந்ததும் மகள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். பெட்டி வீட்டில் இருக்கிறது என்று அவள் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இதைச் சதாசிவமே என்னிடம் வந்து சொன்னார். முகம் சாம்பலாக இருந்தது. "தம்பி, காரை எடும். குடுத்ததை எல்லாம் திருப்பி வாங்கோணும். புதன்கிழமை ஒருத்தர் டொரொன்டோ போறார். அவரிட்டைக் குடுத்துவிடலாம்."

ஒரு மனிதர் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டுப் போவதைப் பார்க்க வேண்டுமானால் எங்களோடு அன்று விடிகாலையிலேயே வந்திருக்க வேண்டும். பிளாட் புஷ்ஷில் பார்த்தீபன் வீட்டில் பட்டை குளிர்சாதனப் பெட்டியின் கதவில், பீட்சா கடை விளம்பரத்துக்குப் பக்கத்தில், காந்தத்தில் ஒட்டியிருந்தது. அதில் இரண்டு மாத்திரைகளைக் காணவில்லை. "அண்ணை, போன கிழமை இவளுக்குத் தலையிடி. பனடோல் எண்டு நினைச்சுப் போட்டிட்டாள்" என்றான் பார்த்தீபன். "நிண்டிட்டுது எண்டுதான் சொன்னவள்." இன்னொரு வீட்டில் காரின் சாமான் பெட்டிக்குள் கோடை முழுவதும் வெந்து, வெள்ளித்தாள் குமிழ் குமிழாய் எழும்பியிருந்தது. வேறொருவர் வாசலிலேயே நிறுத்தி, "தந்ததைத் திருப்பிக் கேக்கிறீங்களே, எங்கட வீட்டைக் குறைச்சு நினைக்கிறீங்களோ?" என்று முறைத்தார், அணுக்கசிவைவிட மரியாதைக் கசிவுதான் நம்மவருக்குப் பெரிது.

கிளென் ஈடனில் மேர்சி அக்கா வீட்டுக்குப் போனபோது எனக்கு மிச்சமிருந்த பொறுமையும் போனது. அவர் மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கப் பெண்மணி, தையல்காரி. பட்டையைக் குருத்தோலைச் சிலுவைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். கிட்டத்தட்ட காலியாக இருந்தது.

"எங்கை மிச்சம்?" என்றார் சதாசிவம்.

"பூசை முடிஞ்சு வந்து கிழமைக்கு ஒண்டு போடுறனான். கழுத்திலை இந்த வீக்கம் இருக்கெல்லோ. நீங்கள்தானே அயடின் நல்லதெண்டு சொன்னனீங்கள்."

"அக்கா, கழுத்துக்கு டாக்டர் குடுத்த மாத்திரை?"

"அதை நிப்பாட்டிட்டன் தம்பி. ரெண்டும் ஒண்டாப் போட்டால் சூடு."

வாசலில் நின்றபடியே அவருடைய மருத்துவரை அழைக்கச் சொன்னேன். அழைத்தார். மறுமுனையில் இருந்த தாதி குரலை உயர்த்தியது எங்களுக்கும் கேட்டது. தைராய்டு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது என்றும், திங்கட்கிழமை காலையில் வந்தே ஆக வேண்டும் என்றும் சொன்னாள். சதாசிவம் தன் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்கொள்ளும் மேர்சி" என்றார்.

"ஐயோ, நீங்கள் என்னத்துக்கு? உங்களுக்கு டீ போடட்டே?"

அவர் டீ குடிக்கவில்லை. காரில் ஏறி, மடியில் கிடந்த பிளாஸ்டிக் பையை வழி நெடுகக் கையால் பொத்திக்கொண்டு வந்தார். லின்ஃபீல்டுக்குத் திரும்பி வந்து மேசையில் கொட்டினோம். முழுசாக இருந்தவை சிலதான். அவையும் எந்த வெயிலில் காய்ந்தனவோ, எந்தக் காரில் வெந்தனவோ. ஒரு குழந்தையின் தொண்டைக்குள் வைத்துப் பந்தயம் கட்டத்தக்க மாத்திரை அந்தக் குவியலில் இல்லை.

"இதை அனுப்ப வேணாம்" என்றேன். "ரொம்ப சுலபமான வழி இருக்கு. பெட்டியிலயே போட்டிருக்கான். தொலைஞ்சு போச்சுன்னா, வேணும்னா, ஒரு ஃபோன். இல்ல இணையத்துல ரெண்டு நிமிஷம். இலவசம். உங்க தங்கச்சிய இன்னொரு பெட்டி கேக்கச் சொல்லுங்க."

"கேக்கமாட்டாள்."

"ஏன்?"

"கேக்கக்கூடாது."

"ஏண்ணே கேக்கக்கூடாது?"

"ஒரு வீட்டுக்கு ஒண்டுதான். தந்தாச்சு. பேந்து கேட்டால், முந்தித் தந்ததை என்ன செய்தனீ எண்டு கேப்பான். என்ன சொல்லுறது? நியூசிலாந்துக்குக் கடத்தினனான் எண்டோ? அவளின்ர சிற்றிசன்சிப்பிலை கை வைப்பான்."

நான் சிரித்துவிட்டேன். கோபத்தில் வருகிற சிரிப்பு அது. இரண்டு முதுகலைப் பட்டதாரிகளையும் ஒரு வழக்கறிஞரையும் பெற்றுள்ள குடும்பம் இது; மாத்திரைக்காகக் குடியுரிமையைப் பிடுங்குவார்கள் என்று நம்புகிறது. வசந்தமலரை அப்போதே அலைபேசியில் வீடியோவில் அழைத்தேன். முகம் அசப்பில் அண்ணன்தான். அண்ணன் சொன்னதையே வார்த்தை மாறாமல் சொன்னாள். "அண்ணை சொல்லுறது சரி தம்பி. ரெண்டாந்தரம் கேக்கக்கூடாது. பிள்ளைக்கு ஒண்டும் வராது. அம்மன் இருக்கிறா."

"அம்மன் அயடின் தருவாளா?" என்றேன். "இன்னிக்கு நீங்க கேக்கலைன்னா, நானே கிருசாந்திய கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லிடுவேன். அவங்க வீட்ல மாத்திரை இருக்குன்னு நம்பிட்டு இருக்காங்க. நிஜமாவே சங்கு ஊதுற அன்னிக்கு அந்தப் பொண்ணு உங்க அலமாரியத் திறந்து திறந்து மூடணுமா?"

"உமக்கு ஒண்டும் விளங்காது" என்று சதாசிவம் மேசையில் அறைந்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அலைபேசியின் மறுபக்கம் வசந்தமலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

யோகராணி அடுப்பை அணைத்தாள். அலைபேசியில் தெரிந்த வசந்தமலரைக் காட்டி, வழக்கமான புளிப்பு எதுவும் இல்லாமல், சோற்றுக்கு அரிசி எவ்வளவு போட்டேன் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"இவளுக்குத்தான் தம்பி அப்ப இழுப்பு, மூச்செடுக்கேலாது. யுத்தம், பொருளாதாரத் தடைக்காலம். எங்கட பக்கம் மருந்து வரவிடாங்கள். இவர் கொழும்புக்குப் போய், டொக்டரின்ர துண்டு காட்டி, பெர்மிற் எடுத்து, இவளுக்கு மருந்து கொண்டந்தவர். முதல்தரம் வழியிலை மறிக்காமல் விட்டிட்டாங்கள். ரெண்டாந்தரம் போகேக்கை செக்பொயின்ரிலை மறிச்சு, அடையாள அட்டையை நீட்டச் சொல்லி, போன முறை கொண்டுபோனதை ஆருக்குக் குடுத்தனீ எண்டு கேட்டவங்கள். தங்கச்சிக்கு எண்டு சொன்னவர். ஒரு தங்கச்சிக்கு இவ்வளவு மருந்தோ எண்டு கேட்டவங்கள்." அவள் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "கேட்ட கேள்வியிலைதான் இது போனது. உங்களுக்குத் தெரியாதே, அந்தப் பக்கம் நிண்டு கதைச்சால் இவருக்குக் கேக்காது."

அலைபேசிக்குள் வசந்தமலர் அழுதுகொண்டிருந்தாள். அவள் இரண்டாந்தரம் கேட்கமாட்டேன் என்றது அம்மனை நம்பி அல்ல என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு மருந்து கேட்டுத்தான் அண்ணனின் காது போனது.

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மருந்தைக் குற்றமாக்கிய அரசுகள் மேல் கோபம். நானும் உத்தமமான இடத்திலிருந்து வந்துவிடவில்லை. என் நாட்டின் தென்கரையில், உலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எங்களுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்ட மீனவர்கள் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். கேள்வி கேட்கவேண்டிய மக்கள் கேள்விக்குப் பயப்படுகிறார்கள். பதில் சொல்லவேண்டியவர்கள் கேள்வி கேட்கிறார்கள். ஆனால் இந்த வரலாறு எல்லாம் தெரிந்த பிறகும், ஏரிக்கரை வீட்டில் ஒரு குழந்தை மாத்திரை இல்லாமல்தான் தூங்கிக்கொண்டிருந்தது. துயரம் நியாயமாக இருப்பதால் மடமை பாதுகாப்பாகிவிடாது. அதை அந்த இடத்தில் சொல்ல எனக்கு நா எழவில்லை. சொல்லாமல் விடவும் முடியவில்லை.

தோட்டத்துக்குப் போனேன். சதாசிவம் தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். வலது பக்கமாகப் போய் நின்றேன்.

"அண்ணே, அவங்க கேட்டா நாம பதில் சொல்லலாம். நானும் பக்கத்துல இருக்கேன்."

வெகுநேரம் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கயிறு அறுந்தது.

"அவளை அடிக்கமாட்டாங்கள் எண்டு எனக்குத் தெரியும் தம்பி" என்றார். "தெரியும். அது வேறை."

உள்ளே வந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, "கேள் பிள்ளை" என்றார் தங்கையிடம். எங்களுக்கு இன்னும் காலைதான், வசந்தமலருக்கு அங்கே முந்திய நாளின் பிற்பகல், அலுவலகங்கள் திறந்திருக்கும் நேரம். கிருசாந்தி குழந்தையை மருத்துவரிடம் காட்டப் போயிருந்தாள். வசந்தமலர் எங்களைப் பார்த்தபடி அலைபேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, வீட்டுத் தொலைபேசியில், நான் பெட்டியைப் பார்த்துப் படித்துக் காட்டிய எண்ணை அழுத்தினாள். ஒலிபெருக்கியைப் போட்டாள். இசை ஒலித்தது. யோகராணி என் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் கரண்டி இருந்தது. கீழே வைக்க மறந்திருந்தாள்.

இசை நின்றது. மறுமுனையில் ஒரு பெண், ஆங்கிலத்தில், உற்சாகமாக வணக்கம் சொன்னாள். வசந்தமலர் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள்: மாத்திரை வேண்டும், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. முகவரி கேட்டாள் அந்தப் பெண். வசந்தமலர் சொன்னாள். விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது.

"உங்கள் முகவரிக்கு ஏற்கெனவே ஒரு பெட்டி வந்திருக்க வேண்டுமே. கிடைக்கவில்லையா?"

அவ்வளவுதான். வசந்தமலரின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. திரையில் அவள் கண்கள் மட்டும் அண்ணனைத் தேடின. முப்பது ஆண்டுகளாக இவர்கள் பயந்த அதே கேள்வி, எத்தனை இனிமையான குரலில்!

நாற்காலி பின்னால் தள்ளப்படும் ஓசை கேட்டது. சதாசிவம் எழுந்து நின்றார். சட்டையின் மடிப்புகளை இறக்கிவிட்டு, மேல் பொத்தானைப் போட்டார்.

"மேடம்," என்றார் ஆங்கிலத்தில், தொண்டை நரம்பு புடைக்க, கனடாவுக்குக் கேட்கும் அளவுக்கு. "அது என் பிழை. அந்தப் பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். நான் அவளுடைய அண்ணன். நியூசிலாந்திலிருந்து பேசுகிறேன். என் தங்கை ஒரு தவறும் செய்யவில்லை. விசாரிப்பதானால் என்னை விசாரியுங்கள்."

 அந்தப் பெண் சிரித்தாள்; கேலிச் சிரிப்பல்ல. "சார், அதெல்லாம் ஒன்றும் பிரச்சினை இல்லை. நிறையப் பேர் தொலைத்துவிடுகிறார்கள். நாங்கள் எதையும் விசாரிப்பதில்லை. குழந்தையோடு சேர்த்து வீட்டில் எத்தனை பேர்?"

"நாலு பேர்" என்றாள் வசந்தமலர், குரல் திரும்பி வந்து.

"நல்லது. நாளைக்கே அனுப்பிவிடுகிறோம். குழந்தைக்கு எவ்வளவு கொடுப்பது என்ற குறிப்பும் உள்ளே இருக்கும். வேறு ஏதாவது வேண்டுமா?"

யோகராணி கரண்டியைக் கீழே வைத்தாள். வசந்தமலர் நன்றி சொல்லத் தொடங்கி, நிறுத்தத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போனாள். நான் சதாசிவத்தின் தோளைத் தொட்டு, முடிந்துவிட்டது, உட்காருங்கள் என்றேன். அவர் உட்காரவில்லை. காற்சட்டையின் பின்பையிலிருந்து பணப்பையை எடுத்து, அதற்குள்ளிருந்து தன் ஓட்டுநர் உரிமத்தை உருவினார். அலைபேசியின் கமெராவுக்கு நேரே நீட்டிப் பிடித்தார். அந்தப் பெண்ணால் அதைப் பார்க்க முடியாது; அவள் வேறொரு தொலைபேசியில், வெறும் குரலாக இருந்தாள். அட்டையில் இருந்த தன் முகத்தை விரல் மறைக்கிறதா என்று சரிபார்த்து, கட்டைவிரலைச் சற்று ஒதுக்கிவிட்டு, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.